டாவி வால்வுக்குப் பிறகு ஈசிஜியில் புதிய பிளாக்: இப்போதே பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லலாமா?

பொன்னமராவதியான் | 3 பிப்ரவரி 2025, இரவு 9:12

அம்மாவுக்கு 77 வயது. பெருந்தமனி வால்வு சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைத்து (இதைத்தான் டாவி என்கிறார்கள்), மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சிரைப்பு போய்விட்டது, மாடிப்படி ஏறுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: புதிதாக லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக் வந்திருக்கிறது, தொடர்ந்து கவனிக்கவும். வாய் திறந்து யாரும் இதைச் சொல்லவில்லை. வால்வைச் சரிசெய்யப் போய் இதயத்தின் கரண்டைக் கெடுத்துவிட்டார்களா? டாக்டர் செய்த தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. திடீரென்று மயங்கி விழுவதற்கு முன்னால் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

இளஞ்சிவப்புக் காகிதம் | 3 பிப்ரவரி, இரவு 10:05

தவறு என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தே ஓய்வுபெற்றவள் நான், டாக்டர் அல்ல. என் அண்ணனுக்குப் போன ஆண்டு இதே வால்வு வைத்தார்கள். இப்போது பேஸ்மேக்கரோடு உலவுகிறார்.

பெருந்தமனி வால்வுக்கு மூன்று இதழ்கள். வலது இதழும் பின் இதழும் சந்திக்கிற மூலைக்கு நேர் கீழே சவ்வாலான சிறு தடுப்பு ஒன்று இருக்கிறது. சில மில்லிமீட்டர் உயரம்தான். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின் துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றை அந்தத் தடுப்பின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் வெளியே வருகிறது. இடது கிளை, உங்கள் தாளில் லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் என்று இருப்பது, பிரிவதும் அங்கேயேதான். புது வால்வோ ஓர் உலோக வலைச் சட்டத்துக்குள் தைக்கப்பட்டது. பழைய வால்வை யாரும் வெட்டி எடுப்பதில்லை. சுண்ணாம்பு படிந்த இதழ்களைச் சுவரோடு நசுக்கிக்கொண்டு சட்டம் விரிகிறது, அதன் அடிப்பகுதி கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. சுவருக்குள் ஒயர் ஓடுகிற இடத்தில் கதவு நிலையை இறுக்கிப் பொருத்துகிற வேலை இது. நிலையும் அங்கேதான் நிற்க வேண்டும், ஒயரும் அங்கேதான் ஓடுகிறது. கைதேர்ந்த ஆள் செய்தாலும் சிலருக்கு ஒயர் நசுங்கும்.

நாளை காலையில் ஒரு வேலை செய்யுங்கள். வால்வு வைப்பதற்கு முன் எடுத்த ஈசிஜி, வைத்த அன்று எடுத்தது, வீட்டுக்கு அனுப்பிய அன்று எடுத்தது, மூன்றையும் தேடி எடுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் பிஆர், க்யூஆர்எஸ் என்ற இரண்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். தாளைப் படம் எடுத்துப் போட வேண்டாம், அதில் அம்மாவின் பெயர் இருக்கும்.

இளஞ்சிவப்புக் காகிதம் | 3 பிப்ரவரி, இரவு 10:31

விட்டுப்போனது ஒன்று. அந்தத் தாள்களை இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது. வெயில் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக் கிடந்தாலும் கோடு வெளுத்துவிடும். ஆறு மாதம் கழித்து வெறும் கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்து, "போன தடவை நார்மல் என்று சொன்னார்கள்" என்றவர்கள் ஏராளம்.

மருமகன் திருச்சி | 4 பிப்ரவரி, காலை 7:20

இதெல்லாம் பழைய வால்வுகளின் கதை. இப்போது வருகிற வால்வில் பேஸ்மேக்கர் தேவைப்படுவது 2 சதவீதம்கூட இல்லை. பயப்பட வேண்டாம்.

இளஞ்சிவப்புக் காகிதம் | 4 பிப்ரவரி, காலை 8:02

மருமகனே, ஆறுதல் சொல்வதற்காக எண்ணைச் சுருக்கக் கூடாது. அறுவை சிகிச்சையையே தாங்கக்கூடிய, ஆபத்து குறைந்த நோயாளிகளை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2019-இல் வெளியாயின. பார்ட்னர் 3 ஆய்வில் பலூனால் விரிக்கும் சேப்பியன் வால்வு: 30 நாளுக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் 6.5 சதவீதம். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியவர்களில் 4.0. தானே விரியும் எவலூட் குடும்பத்து வால்வுகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில் 17.4, அறுவையில் 6.1. பொன்னமராவதியான் கேட்கிற இடது கிளை பிளாக் இதைவிட அதிகம். பார்ட்னர் 3-இலேயே ஓராண்டு முடிவில் 23.7 சதவீதம் பேருக்கு அது புதிதாக வந்திருந்தது, அறுவையில் 8.0.

இரண்டு செய்தி இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி வைத்தாலும் இந்தத் தொல்லை உண்டு. புதிய பிளாக் வந்தவர்களில் பெரும்பாலோர் பேஸ்மேக்கர் வரை போகவில்லை.

அதற்குப் பிறகு எண்கள் இறங்கியிருப்பது உண்மை. இரண்டு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோணத்தில் எக்ஸ்ரே கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, சட்டத்தை முன்பைவிட மேலே நிறுத்தப் பழகியிருக்கிறார்கள். சுமார் 3 மில்லிமீட்டருக்குமேல் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ரொம்ப மேலே போனால் வால்வே நழுவிவிடும், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாயின் வாயும் மறையலாம். அந்த அறைக்குள் நிற்பவர்களுக்கு இது மில்லிமீட்டர் கணக்கு.

பொன்னமராவதியான் | 4 பிப்ரவரி, இரவு 8:47

அக்கா, எடுத்துவிட்டேன். முன்பு: பிஆர் 180, க்யூஆர்எஸ் 88. வைத்த அன்று மாலை: பிஆர் 218, க்யூஆர்எஸ் 156. அனுப்பிய அன்று: பிஆர் 210, க்யூஆர்எஸ் 152. இதைப் பார்த்துவிட்டு என் மைத்துனர், பிளாக் என்றால் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்கிறார்.

இளஞ்சிவப்புக் காகிதம் | 4 பிப்ரவரி, இரவு 9:30

மைத்துனரிடம் சொல்லுங்கள்: இது ரத்தக்குழாய் சமாச்சாரம் இல்லை. ஆஞ்சியோவில் தெரியாது, ஸ்டென்டில் தீராது.

எண்களுக்கு வருவோம். ஈசிஜி தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி நொடி, ஒரு பெரிய கட்டம் 200. பிஆர் என்பது மேல் அறை துடிக்கத் தொடங்கியதிலிருந்து கீழ் அறை தொடங்கும் வரை ஆகிற நேரம். மூன்று சின்னக் கட்டத்திலிருந்து ஐந்து வரை இருக்கலாம். அம்மாவுக்கு ஐந்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. க்யூஆர்எஸ் கீழ் அறை முழுவதும் செய்தி பரவ ஆகிற நேரம். மூன்று கட்டத்துக்குள் முடிய வேண்டும். அம்மாவுக்கு முன்பு இரண்டே சொச்சம். இப்போது கிட்டத்தட்ட நான்கு. இடது கிளை வழி அடைபட்டதால் வலது பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவுதான் நடந்திருக்கிறது. வலது கிளை உழைக்கிறவரை துடிப்பு நிற்காது.

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2021-இல் வெளியிட்ட பேஸ்மேக்கர் வழிகாட்டுதலில் உங்கள் அம்மாவின் நிலைமைக்கே ஒரு பத்தி இருக்கிறது. டாவிக்குப் பிறகு புதிய இடது கிளை பிளாக் வந்து, க்யூஆர்எஸ் 150-ஐத் தாண்டினாலோ பிஆர் 240-ஐத் தாண்டினாலோ, 48 மணி நேரத்துக்குமேல் அது கூடாமல் நின்றால், 7 முதல் 30 நாள் வரை உடலில் மானிட்டரை ஒட்டிக் கவனிக்கலாம். அல்லது இதயத்துக்குள் மின்கம்பி விட்டு ஹிஸ் கற்றையின் வேகத்தை நேரடியாக அளக்கலாம். அந்த அளவு 70 மில்லி நொடியை எட்டினால் பேஸ்மேக்கர் பக்கம் சாய்வார்கள். பேஸ்மேக்கர் நேராக வைப்பது முழு பிளாக், அதாவது மேல் அறையின் செய்தி எதுவும் கீழ் அறைக்குப் போகாத நிலை, 24 முதல் 48 மணி நேரம் ஆகியும் விலகாதவர்களுக்கு, அல்லது ஒரு துடிப்பில் இடது கிளையும் இன்னொன்றில் வலது கிளையும் மாறி மாறி அடைபடுகிறவர்களுக்கு.

அம்மா 152. கோட்டைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டரிடம் கேட்க வேண்டியது பேஸ்மேக்கர் அல்ல, மானிட்டர். 24 மணி நேரம் மாட்டுகிற ஹோல்டர் மானிட்டர் போதும் என்று சொன்னால், "இரண்டு வாரம் ஒட்டுகிற பேட்ச் கிடைக்குமா" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஒரு நாள் வலையில் விழாத மீன்தான் இது.

வைகைக்கரை | 5 பிப்ரவரி, காலை 6:15

அக்கா, உங்கள் அண்ணனுக்கு மட்டும் ஏன் பேஸ்மேக்கர் வைத்தார்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

இளஞ்சிவப்புக் காகிதம் | 5 பிப்ரவரி, மதியம் 2:40

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வலது கிளை பிளாக் பல ஆண்டுகளாக உண்டு. கண்புரை அறுவைக்கு முன்னால் நானே எடுத்த ஈசிஜியில் அதைப் பார்த்தேன். வி1 என்ற ஈசிஜி கோட்டில் முயல் காது மாதிரி இரட்டை முனை தெளிவாக நின்றது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, லாரி ஓட்டிக்கொண்டே காலம் தள்ளினார். ஆனால் டாவி என்று வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலது கிளை ஏற்கெனவே இல்லை. வால்வு நசுக்கப்போவது இடது கிளையை. பேஸ்மேக்கர் தேவைப்படுமா என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

டாக்டர் அதை எனக்கு முன்பே குறித்து வைத்திருந்தார். அப்படியானால் முதலிலேயே பேஸ்மேக்கர் வைத்துவிட்டு வால்வுக்குப் போகலாமே என்றேன். கூடாது என்றார். தேவைப்படாமலே போகிறவர்கள் இருக்கிறார்கள், வெறும் வலது கிளை பிளாக்குக்காக முன்னெச்சரிக்கையாக வைப்பதை வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நமக்கு ஒரு பழமொழி இருக்கிறதே, வருமுன் காப்பது என்று. அண்ணன்தான், "பாப்பா, அவர் படித்ததை அவர் செய்யட்டும், நீ படித்ததை எனக்குச் செய்" என்று அடக்கினார்.

கழுத்து ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி போட்டார்கள். வால்வு விரிந்த அதே நொடியில் முழு பிளாக். கம்பி துடிப்பைக் கொடுத்தது. மறுநாள் காலை அவருடைய சொந்தத் துடிப்பு திரும்பியது. எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மட்டும் கம்பியை எடுக்கவில்லை. இயந்திரத்தின் எண்ணிக்கையை 40-க்கு இறக்கிவிட்டு, சொந்தத் துடிப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கச் சொன்னார்.

அன்றிரவு ஐ.சி.யூ.வில் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார அனுமதித்தார்கள். திரையில் பி அலைகள், அந்தச் சின்ன மேடுகள், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அகன்ற ஒரு முனை. பிறகு ஒரு மேடு. முனை இல்லை. அடுத்த மேடு. அதற்கும் இல்லை. பச்சைக் கோடு அகலமாக ஓடியது. உடனே செங்குத்தாக ஒரு மெல்லிய கீறல், அதன் பின் தடித்த ஒரு துடிப்பு, கம்பி விழித்துக்கொண்டது. அண்ணன் தூக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தார், வேறொன்றும் இல்லை. தாளில் எத்தனையோ பேருக்கு முழு பிளாக் பார்த்திருக்கிறேன், பென்சிலால் வட்டம் போட்டு டாக்டரிடம் நீட்டியிருக்கிறேன். அன்று என் கை போர்வை நுனியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் பேஸ்மேக்கர். வலது கிளை பிளாக் இருந்தவருக்கு டாவிக்குப் பிறகு புதிதாக எது வந்தாலும் சீக்கிரம் வைப்பதுதான் சரி என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆகவே பொன்னமராவதியான், உங்கள் அம்மாவும் என் அண்ணனும் ஒரே வண்டியில் ஏறியவர்கள் அல்லர். அம்மாவின் வலது கிளை நன்றாக இருக்கிறது.

மருமகன் திருச்சி | 5 பிப்ரவரி, மாலை 6:11

2 சதவீதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பியது சரியா? உங்கள் கணக்குப்படி ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டாமா?

இளஞ்சிவப்புக் காகிதம் | 5 பிப்ரவரி, இரவு 9:55

நானும் இதை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டம் நசுக்கிய இடத்தில் வீக்கம் இருக்கும், கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கும். அது வடியும்போது பலருக்குக் கிளை மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. எதிர்த் திசையும் உண்டு: தானே விரியும் வால்வின் சட்டம் நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவை, உடல் வெப்பத்தில் அது வைத்த பிறகும் கொஞ்சம் விரிந்துகொண்டே போகும். அதனால் வீட்டுக்குப் போன பிறகு தாமதமாக முழு பிளாக் வருகிற சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில்.

அந்தச் சிலருக்காக எல்லோரையும் படுக்கையில் வைத்திருந்தால் 77 வயதுக்காரருக்கு மருத்துவமனைக் கிருமி வந்து சேரும், கால் வலுவிழக்கும். எண்கள் கூடாமல் நின்றிருக்கும்போது அனுப்பியதைக் குறை சொல்ல மாட்டேன். வாயால் சொல்லாமல் தாளில் ஒரு வரி எழுதி அனுப்பியதைக் குறை சொல்வேன். அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாத வீடுகள்தான் நம் ஊரில் அதிகம்.

இளஞ்சிவப்புக் காகிதம் | 6 பிப்ரவரி, காலை 5:50

தூக்கம் வரவில்லை. பொன்னமராவதியான், அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எழுதுங்கள். மெட்டோபிரோலால், டில்டியாசம், டிகாக்சின், அமியோடரோன் ஏதாவது இருக்கிறதா? மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில்? எல்லாமே துடிப்பை மந்தமாக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் பட்டியலை நீட்டுங்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா?

பொன்னமராவதியான் | 6 பிப்ரவரி, காலை 9:18

மெட்டோபிரோலால் 25 இருக்கிறது. கண் அழுத்தத்துக்கு டைமோலால் சொட்டு இரண்டு கண்ணிலும் காலை மாலை போடுகிறார். அது கண் மருந்து என்பதால் இதய டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இளஞ்சிவப்புக் காகிதம் | 6 பிப்ரவரி, காலை 9:40

டைமோலாலும் மெட்டோபிரோலாலும் ஒரே குடும்பம். கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்குள் இறங்கி அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரைக்கு ஈரலில் நடக்கிற வடிகட்டல்கூட இதற்கு இல்லை. சொட்டு மருந்தால் துடிப்பு 40-க்கு இறங்கி எங்கள் அறைக்குத் தள்ளுவண்டியில் வந்த பாட்டிகளை எனக்குத் தெரியும். இன்றே இரண்டு டாக்டர்களுக்கும் போன் செய்யுங்கள். கண் அழுத்தத்துக்கு வேறு வகை சொட்டுகள் இருக்கின்றன. தானாக நிறுத்தினால் கண் போகும், அதையும் செய்யாதீர்கள்.

வைகைக்கரை | 7 பிப்ரவரி, இரவு 7:30

இந்தியாவிலேயே செய்கிற வால்வு ஒன்று இருக்கிறதே, அதில் இந்தப் பிரச்சினை இல்லையா?

இளஞ்சிவப்புக் காகிதம் | 7 பிப்ரவரி, இரவு 8:20

குஜராத்தில் வாபியில் மெரில் நிறுவனம் செய்கிற மைவால். பலூனால் விரிப்பது. மற்ற நிறுவனங்களின் அளவுகளுக்கு நடுவில் 21.5, 24.5 என்று இடை அளவுகளும் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய பெரிய வால்வைத் திணிக்காமல் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க அது உதவும். 2024-இல் லேன்செட் இதழில் வந்த லேண்ட்மார்க் ஆய்வு, சேப்பியனுக்கும் எவலூட்டுக்கும் அது குறைந்ததல்ல என்று காட்டியது. பேஸ்மேக்கர் தேவையே இல்லாத வால்வு என்று யாரும் சொல்லவில்லை. ஹிஸ் கற்றை வாபியில் செய்த வால்வுக்காக இடம் மாறிக்கொள்ளாது.

அந்தக் கற்றையின் பாதை நமக்குத் தெரிந்ததே ஒரு பொறுமைசாலியால். சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய இளைஞர் ஜெர்மனியின் மார்பர்கில் அஷாஃப் என்ற பேராசிரியரிடம் வேலை பார்த்தார். இதயங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, சீவல் சீவலாக நுண்ணோக்கியில் பார்த்து, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலுள்ள கணுவிலிருந்து கிளைகளின் நுனிவரை போகும் முழு வழியையும் 1906-இல் வரைந்து காட்டினார். வால்வு வைக்கும் அறையில் இன்று மில்லிமீட்டர் பார்க்கிறார்கள் என்றால் அந்த வரைபடத்தின்மேல்தான் பார்க்கிறார்கள். பயிற்சிக்காலத்தில் எங்களுக்கு இவர் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

தேனி மணியன் | 9 பிப்ரவரி, காலை 10:02

ஒருவேளை பேஸ்மேக்கர் வைத்தால் வீட்டில் என்னென்ன விட வேண்டும்? எங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இறந்த பிறகு எரிக்கலாமா?

இளஞ்சிவப்புக் காகிதம் | 9 பிப்ரவரி, காலை 11:15

கோபம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான், யாரும் கேட்பதில்லை.

இண்டக்ஷன் அடுப்பில் சமைக்கலாம், அதன்மேல் குனியக் கூடாது. இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். காந்தம் வைத்த புதிய போன்களில் இன்னும் கவனம். கோயில் வாசலில் உள்ள சோதனைச் சட்டத்தைத் தாண்டிப் போகலாம், அதனடியில் நின்று செருப்புக்கு டோக்கன் தேடாதீர்கள். பேஸ்மேக்கர் அட்டையை எப்போதும் பையில் வைத்திருங்கள். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது, அதுவும் அட்டையில்தான் இருக்கும்.

இடது கையை முதல் சில வாரங்கள் தோளுக்குமேல் தூக்கக் கூடாது. அதற்காகக் கையைக் கட்டிப்போட்டு வைத்தால் தோள் பிடித்துக்கொள்ளும். என் அண்ணி பயத்தில் சட்டைக்கு பொத்தான்கூட அவரையே போட விடவில்லை. கம்பி நன்றாக இருந்தது, தோள் உறைந்துபோய் பிசியோதெரபிக்கு அலைந்தோம்.

எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும், மின் தகன மேடையே சேதமாகும். சுடுகாட்டு ஊழியரிடம் முன்கூட்டிச் சொல்வது குடும்பத்தின் பொறுப்பு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நம் ஊரில் சாவுக்கு வேட்டுப் போடுவார்களே பாப்பா, நான் கையோடு கொண்டுபோகிறேன், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றார். அண்ணி ஒரு வேளை சோறு போடவில்லை.

இளஞ்சிவப்புக் காகிதம் | 9 பிப்ரவரி, மதியம் 12:04

பேஸ்மேக்கர் என்றாலே ஆயுள் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகத்தில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்தார், செனிங் என்ற அறுவை மருத்துவர் வைத்தார். உள்ளே போன பாகங்களை ஷூ பாலிஷ் டப்பாவில் பிசின் ஊற்றி வார்த்தார்கள். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சன் அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

பொன்னமராவதியான் | 12 பிப்ரவரி, இரவு 9:00

கண் டாக்டர் சொட்டை மாற்றிவிட்டார். மெட்டோபிரோலாலை இதய டாக்டர் நிறுத்தச் சொன்னார். இன்று எடுத்த ஈசிஜி: பிஆர் 196, க்யூஆர்எஸ் 138. இரண்டு வார பேட்ச் ஒட்டியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில் துடிப்பு 68 காட்டுகிறது. தினம் பத்துத் தடவை பார்க்கிறேன்.

இளஞ்சிவப்புக் காகிதம் | 12 பிப்ரவரி, இரவு 9:25

நல்ல திசை. பிஆர் ஐந்து கட்டத்துக்குள் வந்துவிட்டது, அதில் மருந்துக்கும் பங்கு இருக்கலாம். க்யூஆர்எஸ் சுருங்கியதற்கு மருந்து காரணமல்ல, கிளையே தேறுகிறது.

ஆக்சிமீட்டரைப் பத்துத் தடவை பார்த்தால் அம்மாவுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்குப் படபடப்பு வரும். காலை மாலை போதும். அது இடையில் வரும் அரைகுறைத் துடிப்புகளைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டவும் செய்யும். சந்தேகமாக இருந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். 40-க்குக் கீழே நின்றாலோ, கண் இருட்டி விழப்போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே தலை தொங்கினாலோ 108. ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது, படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

மருமகன் திருச்சி | 15 பிப்ரவரி, மாலை 4:44

அக்கா, உங்கள் அண்ணனின் பேஸ்மேக்கர் இப்போது எத்தனை சதவீதம் வேலை செய்கிறது?

இளஞ்சிவப்புக் காகிதம் | 15 பிப்ரவரி, இரவு 10:10

குத்துகிற கேள்வி. போன பரிசோதனையில் கீழ் அறைத் துடிப்பில் 3 சதவீதம்தான் கருவி கொடுத்தது. மீதி எல்லாம் அவருடைய சொந்தத் துடிப்பு. டாவிக்குப் பிறகு பேஸ்மேக்கர் வைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. வீக்கம் வடிந்ததும் கிளை திரும்பி வருகிறது.

அப்படியானால் வீணாக வைத்தார்களா என்று அண்ணன் கேட்கிறார். எனக்கு இதில் இரண்டு மனம். அந்த 3 சதவீதம் எந்த நேரத்தில் வருகிறது என்பது முக்கியம். இரவில் வரிசையாக நின்றுபோன அந்தத் துடிப்புகள் அதில் அடங்கியிருந்தால் 3 சதவீதமே ஓர் உயிர். இன்னொரு பக்கம், எட்டுப் பத்து ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டும், கிருமி தொற்றும் ஆபத்து இருக்கிறது, கருவி அதிகம் வேலை செய்கிறவர்களுக்கு வலது கீழ் அறையின் அடியில் வைத்த கம்பியால் காலப்போக்கில் இதயம் தளர்ந்துபோவதும் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் இப்போது கம்பியைத் தடுப்புச் சுவருக்குள் திருகி இடது கிளையையே தூண்டுகிறார்கள். சீனாவின் வென்சௌவில் ஹுவாங் என்ற மருத்துவரின் குழு 2017-இல் காட்டிய வழி. அண்ணனுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் வைக்காமலே தப்பியிருப்பாரா? இருக்கலாம். கழுத்தில் கம்பியோடு, தலையைத் திருப்பாமல், அந்த இரண்டு நாளைப் படுத்திருக்க வேண்டியவர் அவர்தான். வலது கிளை இல்லாதவருக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு அதே அவசரம் காட்டியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

பொன்னமராவதியான் | 28 பிப்ரவரி, இரவு 8:33

பேட்ச் அறிக்கை வந்துவிட்டது. முழு பிளாக் ஒரு தடவைகூட இல்லை. மிக நீண்ட இடைவெளி 1.9 நொடி, அதுவும் தூக்கத்தில். ஆனால் இரண்டு தடவை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்திருக்கிறதாம், நீண்டது ஏழு மணி நேரம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். பிளாக்கைத் தேடப் போய் இது என்ன புதுக் கதை?

இளஞ்சிவப்புக் காகிதம் | 28 பிப்ரவரி, இரவு 9:47

நீண்ட நாள் மானிட்டர் ஒட்டினால் இப்படி நடக்கும். டாவி நோயாளிகளின் வயதில் இது ஒளிந்திருப்பது சகஜம். மேல் அறை நடுங்கிக்கொண்டே நின்றால் உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். ஏழு மணி நேரம் என்பதைத் தள்ளிவிட முடியாது. தற்செயலாகக் கண்டுபிடித்தது நல்லதுதான்.

டாக்டர் யோசிக்கிறார் என்றால் யோசிக்க விஷயம் கொடுங்கள்: சமீபத்திய கிரியாட்டினின் அளவு, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா, முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு இருந்ததா, இப்போது ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா. உறையாமை மாத்திரை தொடங்கினால் ஆஸ்பிரினைத் தொடர வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். இன்னொன்று: ஃபிப்ரிலேஷனுக்குத் துடிப்பைக் குறைக்க மீண்டும் மெட்டோபிரோலால் எழுதினால், இடது கிளை பிளாக் இருந்ததை அந்த நிமிடமே நினைவூட்டுங்கள். எழுதவே கூடாது என்பதில்லை. தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

பொன்னமராவதியான் | 2 மார்ச், காலை 7:58

மாத்திரை தொடங்கிவிட்டார், ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். மெட்டோபிரோலால் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அடுத்த ஈசிஜி எப்போது எடுப்பது?

இளஞ்சிவப்புக் காகிதம் | 2 மார்ச், காலை 8:30

டாக்டர் தேதி கொடுத்திருந்தால் அதுதான். கொடுக்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, ஆண்டு முடிவில் ஒன்று கேட்டு வாங்குங்கள். க்யூஆர்எஸ் 120-க்குமேலேயே நின்றுவிட்டால் எக்கோவும் சேர்த்துப் பாருங்கள். இடது கிளை இல்லாமல் துடிக்கும் இதயம் சிலருக்கு மெல்ல பம்பிங்கில் சோர்ந்துபோகிறது. வால்வுக்கு முன் எடுத்த எக்கோ அறிக்கை உங்களிடம் இருக்கிறதா, இல்லை அந்த மருத்துவமனையிலேயே விட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே எழுதிக் கேளுங்கள், பதிவேட்டு அறையில் தேட நாளாகும்.